விருந்தினரை எந்தக் கடைக்கு அனுப்புவோம்?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டப்புறங்களில் கல்யாணப் பேச்சுத்தான். பந்தல்காரரிடம் சொல்லியாகிவிட்டது, சமையற்காரருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அழைப்பிதழும் போய்ச் சேர்ந்துவிட்டது. முகூர்த்தச் சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆனால் ஜொகூரிலிருந்து முதல் நாள் மாலையே வந்து இறங்கும் சித்தப்பா குடும்பமும், இரவு பத்து மணிக்குப் பினாங்கிலிருந்து வந்து சேரும் உறவினரும், மறுநாள் ஊர் திரும்பும் நண்பர்களும் இடையிலே பசியாற வேண்டுமே! "இங்கே நல்ல சாப்பாட்டுக் கடை எது, மாமா?" என்று அவர்கள் கேட்பார்கள். வாலிபப் பிள்ளைகள் சிலர் கொஞ்சம் தள்ளி நின்று, குரலைத் தாழ்த்தி, வேறொரு கடையைப் பற்றியும் கேட்பார்கள்.

இது சாதாரணக் கேள்விதானே என்று நினைக்கலாம். ஆனால் இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டு விருந்தினரை அழைத்து, உபசரித்து, ஒரு கடையைக் காட்டி "அங்கே போய் உட்காருங்கள்" என்று சொல்லும் நிலைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. அதற்காக வேலைநிறுத்தம் செய்தவர்களும் உண்டு. சிறை சென்றவர்களும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் தோட்டத்து வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு கங்காணிமார் மூலமாகவும் மலாயாவுக்கு வந்தார்கள். ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதும், 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடை செய்ததோடு நின்றுபோயிற்று. புதிதாக ஆட்கள் வருவது நின்றதும், ஏற்கெனவே இங்கே குடும்பமாக வாழ்ந்தவர்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் தூரத்துத் தோட்டங்களிலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் வேரூன்றியது. அப்படித்தான் ஒரு தோட்டத்துக் கல்யாணத்திற்கு இன்னொரு தோட்டத்து விருந்தினர் வரலானார்கள்.

ஆனால் அந்த விருந்தினர் எங்கே வந்தார்கள்? தோட்டம் என்பது கம்பெனியின் சொத்து. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை இருக்கும் வரையில் தங்கும் இடம், அவ்வளவுதான். வெளியாள் ஒருவர் உள்ளே வரவேண்டுமானால் துரையின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் அத்துமீறி நுழைந்தவர் என்று சொல்லித் துரத்தலாம். சொந்த அண்ணன் தங்கையைப் பார்க்க வந்தாலும், "யார் நீ? எந்தத் தோட்டம்?" என்ற கேள்விக்குக் கிராணி முன்னே நின்று பதில் சொல்ல வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் அது. விருந்துக்கு வந்தவர் விருந்தாளியாக நடக்க முடியாத காலம் என்று சொன்னால் மிகையாகாது.

சரி, உள்ளே வந்த விருந்தினரை எங்கே உட்கார வைப்பது? ஒற்றை அறை. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். பெண்கள் அடுப்படியில் நெருக்கியடித்து உட்காருவார்கள். ஆண்களுக்கு இடம் ஏது? வேலை முடிந்த பிறகு பெஞ்சு போட்டு, பத்துப் பேர் கூடிப் பேசுவதற்கென்று பல தோட்டங்களில் இருந்த ஒரே இடம் கள்ளுக்கடைதான். வெளியூரிலிருந்து வந்த மச்சானை மரியாதை செய்ய வேண்டுமென்றால், அங்கேதான் அழைத்துப் போக முடிந்தது. கள்ளும், கடித்துக்கொள்ளக் காரமாக ஏதேனும் ஒன்றும் வாங்கிக் கொடுத்தால்தான் உபசாரம் முழுமை பெற்றதாக ஆண்கள் எண்ணினார்கள். நம்மவரின் மனப்போக்கு மட்டும் இதற்குக் காரணமன்று. வேறு இடமே இல்லாதபடி தோட்டம் அமைக்கப்பட்டிருந்தது.

கள்ளுக்கடை தானாக முளைத்ததன்று. உரிமம் கொடுத்தது அரசாங்கம். இடம் கொடுத்தது தோட்டம். தென்னங்கள் விற்காவிட்டால் தொழிலாளி அதைவிடக் கொடிய சம்சுவைத் தேடிப் போவான் என்று நிர்வாகத்தினர் காரணம் சொன்னார்கள். அரசாங்கத்திற்கு அதில் வருமானம் வந்தது. தோட்டமே நடத்திய கடைகளில் கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதி திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் செலவிடப்பட்டதும் உண்டு. ஆக, தொழிலாளியின் கையிலிருந்து போன காசில் கொஞ்சம் மட்டும் அவருக்கே தானம் போலத் திரும்பி வந்தது.

தாய்மார்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்கள். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் பகுதியில் ஆண் தொழிலாளி ஒருவரின் நாட்கூலி ஏறத்தாழ 50 காசு. அதிலே கள்ளுக்கடைக்குப் போனது போக மிச்சம் இருப்பதில்தான் அரிசியும் உப்பும் பிள்ளையின் சட்டையும் வாங்க வேண்டும். கல்யாணக் கடன் இருந்தால் அதுவும் அதிலிருந்தே தீரவேண்டும்.

அந்த 1941ஆம் ஆண்டில்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்கள் அதன் தலைவர்களுள் ஒருவர். கூலி உயர்வு வேண்டும், சீனத் தொழிலாளருக்குச் சமமான ஊதியம் வேண்டும், நீண்ட வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், முறையான மருத்துவ வசதி வேண்டும், பெண்களின் மானத்திற்குக் காப்பு வேண்டும், துரைமார் முன்னே சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் தொழிலாளர் கேட்டார்கள்.

நேயர்களே, அந்தக் கோரிக்கைகளின் வரிசையில் இன்னும் இரண்டு இருந்தன. உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உறவினர் வரும் வாசலைத் திற. கள்ளுக்கடை வாசலை மூடு! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட மக்கள், தங்கள் வீட்டுக்கு வருகிறவரை எப்படி வரவேற்க வேண்டும் என்பதைத் தொழிலாளர் உரிமையாகவே எடுத்து வைத்தார்கள். விருந்தோம்பல் என்பதற்குத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். அந்த அறத்தைச் செய்ய விடுங்கள் என்று கேட்டு வேலையை நிறுத்தியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

அரசாங்கம் அதை அப்படிப் பார்க்கவில்லை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்து வந்தார்கள். 1942 முதல் 1945 வரை அரிசிக்கே பஞ்சம். மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும்தான் உணவு. ஆயிரக்கணக்கான ஆண்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாத காலத்தில், விருந்தைப் பற்றி யார் பேச முடியும்?

போர் முடிந்ததும் பழைய கோரிக்கை மீண்டும் எழுந்தது. கெடாவில் ஏ. எம். சாமி அவர்களின் தலைமையில் தொண்டர் படை என்ற அமைப்பு 1946, 1947ஆம் ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகப் பரவியது. தோட்டத்து இளைஞர்களே அதன் தொண்டர்கள். அவர்கள் கள்ளுக்கடைகளின் முன்னே நின்று மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் காவற்படையினரோடு மோதல் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்த நாட்களில் கெடாத் தோட்டங்களில் பெருங் கொந்தளிப்பு உண்டாயிற்று. அந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது. ஆனாலும், கல்யாண வீட்டில் கள் வாங்கிக் கொடுத்தால்தான் மரியாதை என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

1948இல் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, பல வட்டாரங்களில் கடுமையான உணவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. டப்பா உணவை விற்கும்போது கடைக்காரர் அதை ஓட்டை போட்டே கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதைச் சேமித்து வைக்க முடியாது. சில இடங்களில் அரிசியை வீட்டுக்கே கொடுக்காமல், பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிச் சோறாகவே கொடுத்தார்கள். சோறு ஒரு நாளில் கெட்டுவிடும் அல்லவா? விருந்துக்கு வந்தவருக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தனுப்புவது நம் பழக்கம். வேலிக்கு வெளியே அனுமதியின்றி உணவு கொண்டு போவது அந்த வட்டாரங்களில் குற்றமாக இருந்தது.

இனி, பட்டணத்துக் கடைகளின் கதைக்கு வருவோம். சம்பள நாளன்று பட்டணத்துக்குப் போய்வந்த நம் மக்கள், தோட்டத்தில் காணாத ஒன்றை அங்கே கண்டார்கள். காசு கொடுத்தால் யாராக இருந்தாலும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதே அது.

இந்திய முஸ்லிம் சகோதரர்களின் சாப்பாட்டுக் கடைகள் இந்நாட்டில் மிகப் பழமையானவை. பினாங்கின் நாசி கண்டாரை அறியாதவர் இல்லை. நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் கம்பு. நாம் காவடி எடுப்பதுபோல் கம்பின் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளரிடையே விற்று வந்தவர்கள் தொடங்கிய தொழில் அது. தெருவில் விற்றவர்கள் பிறகு கடை வைத்தார்கள். பினாங்கில் 1907ஆம் ஆண்டு முதல் நடந்து வருவதாகப் பெயர் பெற்ற கடையும் உண்டு. இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கும் ஒட்டுக்கடைகளில் ரொட்டி சானாயும் தே தாரேயும் கிடைத்ததால், இரவு வண்டியில் வந்து இறங்கும் விருந்தினரின் பசியைத் தீர்த்தவை பெரும்பாலும் அவையே.

சைவ உணவுக்காரர்களுக்கும் கடைகள் வந்தன. சிங்கப்பூரில் ஆனந்த பவன் 1924இல் தொடங்கியது. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947இல் தொடங்கியது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி இரயில்வே ஊழியர்களால் தமிழர் பெருகிய இடம்; அங்கேயும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள் வளர்ந்தன.

சீனர்களின் கோப்பிக் கடைகளையும் மறக்கக்கூடாது. ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களுள் பலர் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை செய்தவர்கள். பிறகு சிறிய பட்டணங்களில் கோப்பிக் கடை வைத்தார்கள். பளிங்குக்கல் மேசை, கறுப்புக் கோப்பி, காயா தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை. லயங்களில் அந்நாளில் சாதிக்கொரு வரிசை, பந்தியிலும் வேற்றுமை என்ற கொடுமை இருந்தது. கோப்பிக் கடைத் தவுக்கே யாரிடமும் சாதி கேட்கவில்லை. எல்லாருக்கும் அதே பீங்கான் கோப்பை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து சமத்துவம் பேசியபோது, அதை ஏற்றுக்கொள்ளச் சிலருக்காவது மனம் பக்குவப்பட்டிருந்தது என்றால், ஒரே மேசையில் உட்கார்ந்து பழகியதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும். கல்யாணப் பந்தியில் இன்று எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருவது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. கள்ளுக்கடைக்கு ஆண்கள் மட்டுமே போனார்கள். சாப்பாட்டுக் கடைக்குக் காலப்போக்கில் குடும்பமே போகத் தொடங்கியது. அத்தையும் பாட்டியும் கைக்குழந்தையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வேறொருவர் கொண்டு வந்து வைத்ததைச் சாப்பிடுவது என்பது, அதிகாலையில் பிரட்டுக்குப் போய் மாலையில் அடுப்பை ஊதிய பெண்களுக்குச் சிறிய காரியமன்று. அன்று ஒரு வேளையாவது அவர்களும் விருந்தினர் ஆனார்கள்.

பிறகு தோட்டங்களே மாறின. துண்டாடப்பட்டன, இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. இன்று புத்ராஜெயா நிற்கும் நிலம் பெராங் பெசார் முதலான தோட்டங்களாக இருந்த இடம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள்தாம் இன்று நம் கல்யாணங்களுக்கு விருந்தினராகத் திரும்பி வருகிறார்கள். பழைய வழி அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த கடையும் மூடியிருக்கும். அதனால் வழி சொல்லும் பொறுப்பு முன்னைவிட இப்போது பெரிது.

கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் துயரம் மறையவில்லை. மலிவு விலைச் சம்சு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் அவர்களுள் அதிகம். ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் முன்னோர் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். மலிவாகக் கிடைப்பது யாரைக் கொல்லுகிறது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, கல்யாண வீட்டுப் பெரியவர்களுக்குச் சில யோசனைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, அழைப்பிதழோடு ஒரு சிறு தாள் வையுங்கள். பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடைகளின் பெயர், இருக்கும் இடம், திறந்து மூடும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். கடைக்காரரிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், முதல் நாள் இரவு முப்பது பேர் வந்தாலும் அவர் திண்டாட மாட்டார். சிறிய பட்டணத்துக் கடைக்காரருக்கு அதுவே பெரிய உதவி.

இரண்டாவது, விருந்தினரை அறிந்து கடையைச் சொல்லுங்கள். முஸ்லிம் நண்பருக்கு ஹலால் கடை. விரதமிருப்பவருக்குச் சைவக் கடை. சுத்த சைவமா, இல்லை அசைவக் கடையில் சைவமும் கிடைக்குமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நாசி கண்டார் கடையில் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவது வழக்கம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் "எந்தக் குழம்பு?" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளும்படி சொல்லி வையுங்கள். இப்படிச் சொல்வதால் யார் மனமும் புண்படாது. கடைக்காரர் இத்தகைய கேள்விகளுக்குப் பழக்கப்பட்டவர்.

மூன்றாவது, மதுவைப் பற்றி. குடிப்பவரை இழிவாகப் பேசுவது இப்பேச்சின் நோக்கமன்று. ஆனால் அடையாளம் தெரியாத மதுவும், விலை சந்தேகப்படும்படி மலிவான புட்டியும் கிடைக்கும் இடத்தை எந்த விருந்தினருக்கும் காட்டாதீர்கள். 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது விதி. 2020இல் மது அருந்தி வண்டி ஓட்டுவோருக்கான சட்டமும் கடுமையாக்கப்பட்டது. மாப்பிள்ளைத் தோழர்கள் இரவில் போய் மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியில் விபத்து நேர்ந்தால், மறுநாள் மேளம் எப்படி ஒலிக்கும்? அந்த மேளத்தைக் காப்பதும் வீட்டுப் பெரியவரின் கடமை.

நான்காவது, ஒரு கடையைச் சொல்லுவதற்கு முன் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அந்தக் கடையில் அத்தை உட்கார முடியுமா? குழந்தை உட்கார முடியுமா? முடியும் என்றால் தைரியமாகச் சொல்லுங்கள். முடியாது என்றால் அது பாதி விருந்தினருக்கு மட்டுமே உரிய கடை.

பாட்டியும் தாத்தாவும் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் காலத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எங்கே தங்கினார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள், பிள்ளைகளே. எந்தத் துரையிடம் அனுமதி கேட்டார்கள் என்பதையும் கேளுங்கள். உறவினர் வர வாசலைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். இன்று உங்கள் வாசலில் யாரும் நின்று தடுப்பதில்லை. வருகிறவர்களை வாயார அழையுங்கள். நல்ல இடத்துக்கு வழி காட்டுங்கள்.